ரெஜிமெண்ட் மரபு வெள்ளைக்காரன் விட்டுப்போன வேஷமா?

11 மே 2024 – ஓசூரிலிருந்து ஒரு வாசகரின் கேள்வி

சுதந்திரம் வாங்கி எழுபத்தாறு வருஷம் ஆகிவிட்டது. இன்னும் மெட்ராஸ் ரெஜிமெண்ட், ஜாட் ரெஜிமெண்ட், ராஜ்புத் ரெஜிமெண்ட் என்று ஊர் பேரிலும் சாதி பேரிலும் ராணுவத்தைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். தொப்பியில் குஞ்சம், தோளில் கயிறு, பித்தளையில் யானை. இதெல்லாம் வெள்ளைக்காரன் விட்டுப்போன வேஷம்தானே? எல்லாருக்கும் ஒரே யூனிபார்ம், படைக்கு ஒரு நம்பர் என்று வைத்தால் போதாதா? கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் பட்டாளத்துக்காரர்கள் நிறைய இருக்கிறீர்கள். யாராவது பதில் சொல்லுங்கள்.

11 மே, இரவு

பதினேழு வருஷம் மெட்ராஸ் ரெஜிமெண்டில் இருந்து ஹவில்தாராக வெளியே வந்தவன் நான். இப்போது காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பு. உங்கள் கேள்வியில் பாதி சரி, பாதி தப்பு. தப்பான பாதிக்குப் பதில் சொல்வது சுலபம், அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

காலாட்படையில் ரெஜிமெண்ட் சண்டைக்குப் போவதில்லை. போவது பட்டாலியன். பத்துப் பேர் ஒரு செக்‌ஷன், மூன்று செக்‌ஷன் ஒரு பிளட்டூன், மூன்று பிளட்டூன் ஒரு கம்பெனி. அப்படி நாலு ரைபிள் கம்பெனி, கூடவே மோட்டார் மாதிரி கனரக ஆயுதங்களுக்கு ஒரு கம்பெனி, நிர்வாகத்துக்கு ஒன்று. ஏறக்குறைய எண்ணூறு பேர். இதுதான் பட்டாலியன். இதற்குத் தலைவர் ஒரு கர்னல், எங்கள் பாஷையில் சிஓ சாப்.

ரெஜிமெண்ட் என்பது இந்தப் பட்டாலியன்களின் பங்காளி வகையறா. ஒருவன் ராஜஸ்தான் மணலில் இருப்பான், இன்னொருவன் காஷ்மீரில். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் குலதெய்வம் ஒன்று. எங்களுக்கு அது குன்னூர் பக்கத்து வெலிங்டனில் உள்ள சென்டர். அங்கேதான் மொட்டை அடித்துச் சேர்ப்பார்கள், பயிற்சி முடிந்து அங்கிருந்துதான் ஏதாவது ஒரு பட்டாலியனுக்கு அனுப்புவார்கள். சண்டையில் மூன்று பட்டாலியன் சேர்ந்தால் ஒரு பிரிகேடு. அந்த மூன்றும் பெரும்பாலும் வேறு வேறு ரெஜிமெண்டைச் சேர்ந்தவையாக இருக்கும். ஆக, நீங்கள் கேட்கிற கலப்பு அங்கே வந்துவிடுகிறது.

எங்கள் ரெஜிமெண்ட் 1758-ல் எழுப்பினது. இந்தியக் காலாட்படையிலேயே மூத்தது. அன்றிலிருந்து இன்றுவரை அறுபடாத கயிறு.

12 மே

மத்தூர்க்காரர் ஒருவர் "என் மச்சான் டாங்கிப் படை, அவன் ரெஜிமெண்டில் நாற்பத்தைந்து டாங்கிதான் இருக்கிறதாம், நீங்கள் சொல்வது பொருந்தவில்லையே" என்கிறார். அவர் சொல்வது சரி, அங்கே ரெஜிமெண்ட் என்றால் எங்கள் பட்டாலியன் அளவு யூனிட் ஒன்றுதான். பீரங்கிப் படையிலும் அப்படியே, ஆறு பீரங்கி ஒரு பேட்டரி, மூன்று பேட்டரி ஒரு ரெஜிமெண்ட். எங்களுக்குக் கொடி எப்படியோ அவர்களுக்குப் பீரங்கி அப்படி. சொல் ஒன்று, சமாசாரம் இரண்டு. நான் நேற்று எழுதியது காலாட்படைக்கு மட்டும்.

14 மே

வெலிங்டனில் நான் போய் இறங்கியது ஒரு ஜனவரி. நம் ஊர்க் குளிரே குளிர் என்று நினைத்துக்கொண்டிருந்தவன், முதல் காலையிலேயே பக்கெட் தண்ணீரில் கைவிட்டதும் அம்மாவை நினைத்து அழுதேன். அது போகட்டும்.

சாயங்காலம் எங்களை வரிசையாக உட்காரவைத்து ஒரு நாயக் (ஹவில்தாருக்கு ஒரு படி கீழே) கேள்வி கேட்பார். ரெஜிமெண்ட் எந்த வருஷம் எழுப்பினது, எந்தச் சண்டையில் யானைச் சின்னம் கிடைத்தது என்று. (அசாயே, 1803.) இதெல்லாம் உருப்போட்டுச் சொல்லிவிடுவோம். ஒருநாள் திடீரென்று கேட்டார்: "பேட்ஜ்ல யானை எந்தப் பக்கம் பார்க்குது?" முப்பது பேரில் ஒருவனுக்கும் சொல்ல வரவில்லை. தினமும் பிராஸோ போட்டுத் தேய்க்கிற யானை! அன்றைக்கு எல்லாருக்கும் மைதானத்தைச் சுற்றி மூன்று ரவுண்டு. இன்றைக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

இன்னொன்று பாஷை. ஆணையெல்லாம் இந்தியில், சாவ்தான், விஷ்ராம். பேரக்கில் தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம். மற்ற பையன்கள் திணறினார்கள். எனக்கு அது கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டு மாதிரிதான் இருந்தது. வேப்பனப்பள்ளிப் பக்கம் தெலுங்கு, ஓசூர்ச் சந்தையில் கன்னடம் என்று வளர்ந்தவன் அல்லவா. ஆனால் போர்க்குரல் எல்லாருக்கும் ஒன்றுதான்: "வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு!" 'கொல்லு' தமிழா மலையாளமா என்று இரண்டு பேர் பேரக்கில் அடித்துக்கொண்டதும் உண்டு. நம்பர் போட்டால் போதாதா என்று கேட்டீர்களே, நம்பரை வைத்து யாரும் அடித்துக்கொள்ள மாட்டார்கள்.

17 மே

இப்போது உங்கள் பக்கம் சரியாக இருக்கிற பாதி. இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று நாள் யோசித்தேன். பட்டாலியன் நம்பர் சொல்ல மாட்டேன், யானை மானம் போய்விடும்.

எங்கள் ஆபீசர் மெஸ்ஸில் ஒரு வெள்ளி யானை உண்டு, ஒரு முழ உயரம். பட்டாலியன் பிறந்த நாளான ரைசிங் டேக்கு முந்தின ராத்திரி எனக்கு மெஸ் டியூட்டி. கண்ணாடி அலமாரியிலிருந்து அதை எடுத்து விருந்து மேசையில் வைக்கச் சொன்னார்கள். தூக்கிக்கொண்டு வந்தவன் கதவு நிலையில் இடித்துவிட்டேன். சத்தம் பெரிதாக இல்லை. கீழே வைத்துப் பார்த்தால் இடது தந்தம் வெளிப்பக்கமாக வளைந்து நிற்கிறது. கையால் நிமிர்த்தப் போனேன். உடைந்துவிடுமோ என்று பயந்து விட்டுவிட்டேன்.

சிப்பாயாகச் சேர்ந்து மேலே வந்தவர்களில் பட்டாலியனிலேயே மூத்தவரான சுபேதார் மேஜர் சாப் வந்தார், பார்த்தார். திட்டவில்லை, அதுதான் பயமாக இருந்தது. மறுநாள் விருந்து முடியட்டும் என்று விட்டு, அதற்கடுத்த ராத்திரி என்னைப் பட்டாலியன் காவல் இடமான குவார்ட்டர் கார்டு பக்கம் கூட்டிக்கொண்டு போனார். அங்கே சுவரில் பளிங்குப் பலகை. பட்டாலியனில் செத்தவர்கள் எல்லாருடைய நம்பர், ரேங்க், பேர், ஊர், தேதி. ஒரு கோடு போட்ட நோட்டைக் கையில் கொடுத்து, "எழுது" என்றார். மூன்று ராத்திரி எழுதினேன். ஒரு பக்கத்தில் கையெழுத்து சரியில்லை என்று கிழித்துத் திரும்ப எழுதவைத்தார்.

கதை இனிமேல்தான். ரிட்டயர் ஆகி ஆறு வருஷம் கழித்துப் பழைய ஆட்களை அழைத்தார்கள் என்று வீட்டுக்காரியோடு போனேன். இருபத்திரண்டு வயதுப் பையன் ஒருவன் குடும்பங்களுக்கு மெஸ்ஸைச் சுற்றிக் காட்டினான். யானை முன்னால் நின்று விறைப்பாகச் சொல்கிறான்: "இந்தத் தந்தம் எழுபத்தொண்ணு சண்டையில ஷெல் விழுந்தப்ப வளைஞ்சது. அதனாலதான் இதை ரிப்பேர் பண்ணக் கூடாதுன்னு பட்டாலியன்ல வழக்கம்."

சண்டைக்குப் போகிறவன் வெள்ளிச் சாமானைப் பதுங்குகுழிக்கா எடுத்துப் போவான்? நான் வாயைத் திறந்தேன். வீட்டுக்காரி முழங்கையில் கிள்ளினாள். மூடிக்கொண்டேன்.

18 மே

எதிர்பார்த்த மாதிரியே "பார்த்தீர்களா, மரபு என்றால் பொய்" என்று நாலு பேர் எழுதிவிட்டார்கள். தந்தம் விஷயத்தில் பொய்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பளிங்குப் பலகை பொய் இல்லை. அதில் ஒரு பேருக்கு எதிரே ஊர் "சேலம் ஜில்லா" என்று மட்டும் இருந்தது. முதல் ராத்திரி எழுதும்போது யாரோ சேலத்துக்காரர் என்று நினைத்தேன். மூன்றாவது ராத்திரிதான் உறைத்தது. தர்மபுரி தனி மாவட்டமானதே 1965-ல், கிருஷ்ணகிரி 2004-ல். அவர் எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊராகக்கூட இருந்திருக்கலாம். அப்புறம் அந்தப் பலகையை வெறுமனே தாண்டிப் போக எனக்குக் கால் வரவில்லை. சுபேதார் மேஜர் தண்டனையாகத்தான் எழுதவைத்தாரா என்பதிலும் அன்றிலிருந்து சந்தேகம்.

23 மே

திருத்தம். முதல் நாள் "அறுபடாத கயிறு" என்று எழுதினேன். உருப்போட்ட பழக்கம், பேனா தானாக எழுதிவிட்டது. கயிறு அறுந்திருக்கிறது.

1880-களில் ராபர்ட்ஸ் என்கிற ஜெனரல் முதலில் சென்னை ராணுவத்துக்கும் பிறகு மொத்த இந்திய ராணுவத்துக்கும் தளபதியாக இருந்தார். தெற்கத்தி ஆள் சண்டைக்கு ஆக மாட்டான், வடமேற்கு மலைப்பக்கத்து ஆள்தான் வீரன் என்பது அவருடைய எண்ணம். 'போர்க்குணச் சாதி' என்ற அந்தக் கொள்கை ராணுவம் முழுக்கப் பரவியது. மெட்ராஸ் பட்டாலியன்களை ஒவ்வொன்றாகக் கலைத்தார்கள், 1928-ல் கடைசியும் போய்விட்டது. இரண்டாம் உலகப்போரில் ஆள் போதவில்லை என்றதும் திடீரென்று நாங்களும் வீரர்கள் ஆகிவிட்டோம். 1941-லிருந்து திரும்ப எழுப்பினார்கள். நடுவில் ஏறக்குறைய பதின்மூன்று வருஷம் காலி.

நாயக் எங்களிடம் இந்தப் பதின்மூன்று வருஷத்தைப் பற்றி ஒரு நாளும் கேள்வி கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும். 1758-ஐ விட 1941 எனக்குப் பெரிதாகப் படுகிறது, வேண்டாம் என்று தள்ளப்பட்டவர்கள் பழைய பேரையே திரும்ப எடுத்து முடிச்சுப் போட்டிருக்கிறார்கள்.

சாதி பேர் பற்றி: அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். அந்தக் கொள்கையில் அடிபட்டதே நாம்தான். சுதந்திரத்துக்குப் பிறகு 1949-ல் முதல் இந்தியத் தளபதி கரியப்பா காலத்தில் எல்லா ஊர், எல்லா சாதியும் கலந்து கார்ட்ஸ் படையை எழுப்பினார்கள். நன்றாகத்தான் ஓடுகிறது. ஆக, கலந்தால் மரபு வராது என்பவர்களும் என்னிடம் வரவேண்டாம். ஒருவனை முப்பது பேருக்கு முன்னால் வெட்கப்படவைக்கிற ஏதோ ஒன்று வேண்டும், அவ்வளவுதான். அது சாதியாகத்தான் இருக்கவேண்டும் என்று இல்லை.

24 மே

நேற்று விட்டுப்போனது. சென்னை ராணுவத்தின் பழைய பட்டாலியன்கள் எல்லாமே கலைக்கப்படவில்லை. சிலவற்றில் நம் ஆட்களை நிறுத்திவிட்டுப் பஞ்சாபியர்களைச் சேர்த்தார்கள். பேரும் மாறியது. 1903-ல் அப்போதைய தளபதி கிச்சனர் நம்பர் மாற்றியபோது மெட்ராஸ் படைகளுக்கெல்லாம் பழைய நம்பரோடு அறுபது கூட்டினார்கள். 3-ஆவது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி 63 ஆனது, 23-ஆவது வாலாஜாபாத் 83 ஆனது. அப்படி 62 ஆன படை 1759-ல் சோழமண்டலக் கரையில் எழுப்பியது. 1922-ல் பஞ்சாப் ரெஜிமெண்டுக்குப் போய், 1947 பிரிவினையில் அந்தப் பக்கம் போய்விட்டது. இன்றைக்குப் பாகிஸ்தான் காலாட்படையின் மூத்த பட்டாலியன் அதுதான்.

கயிறு அறுந்தது மட்டும் இல்லை, ஒரு நுனி எல்லைக்கு அந்தப் பக்கம் கிடக்கிறது. எல்லையில் காவல் நின்ற ராத்திரிகளில் இது தெரியாமல் போனது நல்லதுதான்.

2 ஜூன்

கிளிமூக்கு மாங்காய் லோடு ஏற்றிக்கொண்டிருக்கிறோம். கூழ் ஆலைக்காரர் இன்னும் விலை சொல்லவில்லை, காயோ மரத்தில் நிற்காது. பதில்கள் பிறகு.

9 ஜூன்

வெள்ளைக்காரன் வேஷம் என்ற பேச்சுக்கு எங்கள் ஊர்த் தமிழ் வாத்தியார் டீக்கடையில் பதில் சொன்னார். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ராஜராஜனின் படைப் பேர்கள் இருக்கின்றனவாம். நிகரிலிச்சோழத் தெரிந்த உடநிலைக் குதிரைச்சேவகர், மும்மடிசோழத் தெரிந்த ஆனைப்பாகர், பண்டிதசோழத் தெரிந்த வில்லிகள். 'தெரிந்த' என்றால் பொறுக்கி எடுத்த. முன்னால் உள்ளது ராஜாவின் பட்டப்பேர். எங்களுக்குப் பக்கத்தில் பெங்களூரில் இருக்கிற மெட்ராஸ் சாப்பர்ஸ் (ராணுவப் பொறியியல் படை), விக்டோரியா ராணியின் பேரை முன்னால் போட்டுக்கொண்டிருந்தார்களே, அதே தச்சு வேலைதான். ஆயிரம் வருஷம் முன்னாலேயே நம்மிடம் இருந்திருக்கிறது.

அந்த வேகத்தில் தர்மபுரி அகழ்வைப்பகத்துக்குப் போய்வந்தேன். நடுகற்களை வரிசையாக வைத்திருக்கிறார்கள். நம் இரண்டு மாவட்டத்திலும் வயலுக்கு வயல் கிடக்கிற கல்தான், சின்ன வயதில் அதன்மேல் உட்கார்ந்து கொய்யா தின்றிருக்கிறேன். இப்போதுதான் எழுத்தைப் படிக்கச்சொல்லிக் கேட்டேன். முதலில் எந்த ராஜாவின் எத்தனையாவது ஆட்சி ஆண்டு. பிறகு யாருடைய சேவகன். பிறகு பேர். பிறகு எந்தத் தொறு மீட்கும்போது பட்டான், அதாவது செத்தான் என்று. தொறு என்றால் மாட்டு மந்தை.

தேதி, யூனிட், பேர், இடம். குவார்ட்டர் கார்டு பளிங்குப் பலகையில் நான் நோட்டில் எழுதிய அதே கட்டங்கள். காவலாளி விளக்கை அணைக்கும்வரை நின்றுகொண்டிருந்தேன்.

10 ஜூன்

"துருக்கிக்காரன் கதையையும் சொல்லுங்கள்" என்று ஒருவர். சுருக்கமாக: ஒட்டோமான் ஜானிசரிப் படைக்குக் கொடியை விடப் பெரிது சமையல் அண்டா. படைப்பிரிவுக்கு ஒன்று. அதைக் கவிழ்த்தால் சுல்தானுக்கு எதிராகக் கலகம் என்று அர்த்தம். எங்கள் லங்கரில் (சமையல்கூடத்தில்) தினமும் அந்தப் பருப்பைப் பார்த்தபோது எனக்கும் பலமுறை தோன்றியிருக்கிறது.

16 ஜூன்

கிருஷ்ணகிரி மலைக்கோட்டையைத் தினமும் பார்க்கிறவன், இதைச் சொல்லாமல் விட்டால் சரியில்லை. 1791 அக்டோபர் கடைசியில் கிழக்கிந்தியக் கும்பினிப் படை பென்னாகரம் கோட்டையைப் பிடித்தது. நவம்பரில் மேக்ஸ்வெல் என்கிற கர்னல் கிருஷ்ணகிரிக்கு வந்து கீழே பேட்டையைப் பிடித்தார், மேலே ஏற முடியாமல் திரும்பிவிட்டார். அடுத்த வருஷம் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு நம் பகுதியான பாராமகாலைக் கொடுக்கவேண்டி வந்தது. அந்தக் கும்பினிப் படையில் பெரும்பாலும் இருந்தது மெட்ராஸ் சிப்பாய்தான். மேலே கோட்டையில் இருந்தவர்களும் கீழே ஏணி தூக்கியவர்களும் ஒரே சந்தையில் ராகி வாங்கியவர்களாக இருந்திருப்பார்கள்.

இந்திய மண்ணில் நம் ராஜாக்களுக்கு எதிராக வாங்கிய போர்ப்பட்டங்களை இப்போது ராணுவம் கொண்டாடுவதில்லை. அது சரியான முடிவு. ஆனால் அசாயே யானை மட்டும் எங்கள் தொப்பியில் நிற்கிறது. மராட்டியரை எதிர்த்துக் கிடைத்த யானை! மராட்டாப் படையோடு ஒரே பிரிகேடில் இரண்டு வருஷம் இருந்தேன், அவர்கள் யாரும் யானையைப் பற்றிக் கேட்டதில்லை. எல்லாரும் சேர்ந்து சாப்பிடுகிற படா கானாவில் எங்கள் சாம்பாரைப் பற்றித்தான் கேட்டார்கள். எடுத்துவிடலாமா என்றால் எனக்கு மனசு வராது, வைத்திருப்பதற்கு நியாயம் சொல் என்றாலும் வாய் வராது.

30 ஜூன்

அக்கா பையன் அக்னிவீரனாகச் சேர்ந்து முதல் லீவில் வந்திருக்கிறான். நாலு வருஷம்தான், அதில் நூற்றுக்கு இருபத்தைந்து பேர் வரைதான் தொடர முடியும். நாலு வருஷத்தில் எவனுக்குப் பட்டாலியன் மேல் ஒட்டுதல் வரும் என்று நான் ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்தேன். நேற்றுச் சாப்பிடும்போது சும்மா கேட்டேன், "யானை எந்தப் பக்கம் பார்க்குது?"

"போங்க மாமா, அதெல்லாம் முதல் வாரமே" என்று சொல்லிவிட்டு, நான் மறந்துபோன இரண்டு விஷயத்தையும் சேர்த்துச் சொன்னான். சரி, கற்றுக்கொள்ள நாலு மாதம் போதும் போலிருக்கிறது. கவலை அது இல்லை. கேள்வி கேட்கிற நாயக் எங்கிருந்து வருவான்? அதற்குப் பத்து வருஷம் பழகிய ஆள் வேண்டும். மீதி முக்கால்வாசிப் பேர் வீட்டுக்கு வந்து என்ன செய்வார்கள் என்று அக்கா கேட்கிறாள். அதற்கு என்னிடம் மாந்தோப்புதான் இருக்கிறது.

3 ஜூலை

சாப்பர்ஸ்காரர்கள் கோபமாக எழுதுகிறார்கள், "பெங்களூரை ஒரு வரியில் தாண்டிவிட்டீர்கள்" என்று. சரி அண்ணே. 1780-ல் எழுப்பிய படை, எங்களை மாதிரி நடுவில் அறுந்ததும் இல்லை. முள்கம்பி வேலியை வெடிக்கவைக்கிற பெங்களூர் டார்பிடோ 1912-ல் அங்கே பிறந்தது. 1944 பிப்ரவரியில் இத்தாலியில் கண்ணிவெடி மேல் தன் உடம்பைப் போட்டுக் கூட இருந்தவர்களைக் காப்பாற்றிய சுபேதார் சுப்ரமணியன் அந்தப் படைதான், பிரிட்டிஷ் வீர விருதான ஜார்ஜ் கிராஸ் வாங்கிய முதல் இந்தியர். 'தம்பி' என்ற செல்லப்பேரும் முதலில் உங்களுடையது என்றே வைத்துக்கொள்ளுங்கள். எங்களையும் அப்படித்தான் கூப்பிட்டார்கள், நாங்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

7 ஜூலை

யாரோ இந்த இழையை என் பழைய சுபேதார் மேஜருக்கு அனுப்பியிருக்கிறார்கள். எண்பது வயது, திருநெல்வேலிப் பக்கம். காலை ஆறு மணிக்குப் போன். எழுந்து நின்றுதான் பேசினேன், வீட்டுக்காரி சிரிக்கிறாள்.

"ஏலே, தந்தத்த நீ வளைக்கல. நான் ரிக்ரூட்டா வந்தப்பவே அது அப்படித்தான் இருந்துச்சு."

எனக்கு ஒரு நிமிஷம் பேச்சே வரவில்லை. அப்படியானால் அந்தப் பையன் சொன்ன எழுபத்தொன்று கதை? "அது எனக்குத் தெரியாது. எங்க காலத்துல அறுபத்தஞ்சுன்னு சொன்னாங்க."

"அப்ப என்னை எதுக்கு சாப் மூணு ராத்திரி எழுதவெச்சீங்க?"

"கையில துணி இல்லாம தூக்கினதுக்கு."